புதிய சிக்லிட்டின் வயிற்றைக் காப்பது எது?

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களை வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்சுவது வயிறு உப்பும் நோய்க்குத்தான். புதிதாக வந்த மீன் சில நாட்களிலோ சில வாரங்களிலோ இரையை வாயில் வாங்கித் துப்பத் தொடங்கும். மூலையில் ஒதுங்கி வேகமாக மூச்சு வாங்கும். கழிவு வெள்ளை நூலாகத் தொங்கும். வயிறு வீங்கிவிட்டால் பிழைப்பது அரிது. டாங்கனீக்கா ஏரியின் ட்ரோஃபியஸ் மீன்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இதைத் தடுக்க மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: வந்த அன்றே மருந்து, கண்டிப்பான சைவ உணவு, தனித்தொட்டியில் அமைதியான தொடக்கம். மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்றின் சான்றுகளும் ஒரே வலுவுடையவை அல்ல.

முதலில் மருந்து. குடலில் வாழும் ஸ்பைரோநியூக்ளியஸ் போன்ற கசையுயிரிகள்தான் குற்றவாளி என்பது இத்தரப்பின் வாதம். அவற்றைக் கொல்ல மெட்ரோனிடசோல் உதவும் என்பது உண்மை. இன்னொரு வலுவான காரணமும் அவர்களிடம் இருக்கிறது. நன்னீர் மீன் தண்ணீரை மிகக் குறைவாகவே குடிக்கும். அதனால் தொட்டியில் கரைத்த மருந்து குடலுக்குப் போதிய அளவில் போய்ச் சேராது, இரையில் கலந்துதான் கொடுக்க வேண்டும். நோயோ முதலில் மீனின் வாயை மூடுகிறது. எனவே சாப்பிடும்போதே கொடுத்துவிடலாமே என்கிறார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே கசையுயிரிகள் நலமான மீன்களின் குடலிலும் சிறு எண்ணிக்கையில் இருப்பதுண்டு. அவற்றைத் திடீரெனப் பெருகவிடும் நிலைமை மாறாதவரை மருந்து தருவது தற்காலிக வெற்றியே. மெட்ரோனிடசோல் உருண்டைப் புழுக்களைக் கொல்லாது. மலவாயில் சிவப்பு நூலாகத் தெரியும் கமல்லானஸுக்கு லெவமிசோல் போன்ற வேறு மருந்து வேண்டும். குடலுக்கு வேண்டிய பாக்டீரியாக்களையும் மெட்ரோனிடசோல் விட்டுவைக்காது. அறிகுறி இல்லாத மீனுக்கு முன்கூட்டியே மருந்து தருவது, இன்னதென்று தெரியாத நோய்க்கு வைத்தியம் செய்வதாகும். ஏரியிலிருந்து பிடித்து வந்த மீனின் கழிவை நுண்ணோக்கியில் பார்த்துக் கசையுயிரிகள் மிகுந்திருப்பதை உறுதிசெய்திருந்தால் மட்டும் இவ்வழி நியாயமாகும்.

அடுத்தது உணவு. ஜெஃப்ரி ஃப்ரையர் 1959இல் வெளியிட்ட ஆய்வு, மலாவி ஏரியின் பாறைக்கரைகளில் வாழும் ம்புனா மீன்கள் பல, பாறைமேல் படரும் பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்பதை விரிவாகக் காட்டியது. அவற்றின் நீண்ட குடல் இந்த உணவுக்கேற்றது. இறைச்சியும் ரத்தப்புழுவும் புரதம் மிகுந்தவை, அதனால்தான் வயிறு உப்புகிறது என்ற முடிவு இதிலிருந்து எடுக்கப்பட்டது.

அந்த முடிவு சான்றை மீறிப் போகிறது. பாசிப் படலத்துக்குள் பூச்சிப் புழுக்களும் நுண்ணிய ஓட்டுயிரிகளும் சேர்ந்தே இருக்கின்றன. மிதவையுயிரிகள் பெருகும்போது ம்புனாக்களில் பல அவற்றையும் தின்கின்றன. கடைகளில் எலக்ட்ரிக் யெல்லோ என்று விற்கும் மீன் இயற்கையில் பெரும்பாலும் சிறு உயிரிகளைப் பொறுக்கித் தின்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, புரதத்துக்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படும் ஸ்பைருலினாவின் உலர் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு புரதமே. புரதம்தான் நஞ்சு என்றால் ஸ்பைருலினாவும் நஞ்சாக வேண்டும்.

ஆனாலும் நடைமுறை அறிவுரையைத் தள்ளிவிட முடியாது. ஏரியில் இம்மீன் பகல் முழுதும் சிறுகச் சிறுக மேய்கிறது. தொட்டியில் ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்கிறது. வேறுபாடு அளவிலும் வேகத்திலும் இருக்கிறது. ஸ்பைருலினா கலந்த தீவனத்தை நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒரு நிமிடத்தில் தீரும் அளவு போடுவது சரி. மாட்டிதயம் வேண்டாம். சாக்கடை ஓடைகளில் அள்ளிவரும் டியூபிஃபெக்ஸ் புழு நோய்க்கிருமிகளைச் சுமந்து வரக்கூடும், அதுவும் வேண்டாம்.

மூன்றாவது வழி, அமைதியான தொடக்கம். தொடர்ந்து துரத்தப்படும் மீனின் உடலில் கார்ட்டிசால் ஏறும், நோயெதிர்ப்பு இறங்கும். உறங்கிக் கிடந்த கிருமி அப்போதுதான் தலைதூக்கும். ஒவ்வொரு பாறையையும் ஓர் ஆண்மீன் சொந்தம் கொண்டாடும் தொட்டியில் புதிய மீனை விடுவது இதைத்தான் செய்கிறது.

ஆபத்து பையைத் திறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பல மணி நேரம் பயணித்த பாலித்தீன் பையில் கரியமில வாயு சேர்ந்து நீரின் பி.எச். இறங்கியிருக்கும். அந்நிலையில் மீனின் கழிவு பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது. பி.எச். 8ஐ எட்டும் மலாவித் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கச் சேர்க்க அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. பொறுமையாகப் பழக்குகிறோம் என்ற நல்லெண்ணத்தோடு மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடுகிறோம். வெப்பநிலை சமமாகும்வரை மூடிய பையை மிதக்கவிட்டு, திறந்த உடனே வலையால் மீனை மட்டும் எடுத்து விடுவதே நல்லது. தனித்தொட்டி நீரின் பி.எச்.சும் கடினத்தன்மையும் விற்றவரின் தொட்டியோடு முன்பே ஒத்திருக்க வேண்டும். பக்கத்துக் கடையிலிருந்து அரை மணியில் வந்த மீனுக்கு இந்தச் சிக்கல் பெரிதல்ல.

இவ்வழிக்கும் ஒரு குறை உண்டு. தனித்தொட்டி என்று சொல்லி ஒற்றை ட்ரோஃபியஸை வெறும் கண்ணாடிப் பெட்டியில் அடைத்தால் அதுவே மன அழுத்தம். கூட்டமாக வாங்கி, கூட்டமாகவே நான்கு வாரம் வைக்க வேண்டும். ஒளிந்துகொள்ளக் கற்களும், ஏற்கெனவே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் தேவை. புது ஃபில்டர் அம்மோனியாவைக் கையாளாது.

நோய்க்கு ஒற்றைக் காரணம் நிறுவப்படாத நிலையில், எந்த வழி அதிகக் காரணங்களை ஒரேநேரத்தில் அடைக்கிறது என்பதே சரியான அளவுகோல். மருந்து ஒரு வகைக் கிருமியை மட்டும் தொடுகிறது. உணவு குடலின் சுமையைக் குறைக்கிறது. அமைதியான தனித்தொட்டியோ அம்மோனியாவையும் துரத்தலையும் தடுக்கிறது, நோய் பழைய மீன்களுக்குப் பரவாமல் காக்கிறது, எந்த மீன் இரையைத் துப்புகிறது என்று பார்க்கவும் இடம் தருகிறது. ஆகவே தனித்தொட்டிக்கு முதலிடம், அளவான உணவுக்கு இரண்டாமிடம். மெட்ரோனிடசோல் கைவசம் இருக்கட்டும். மீன் தயங்கித் தயங்கியேனும் தின்றுகொண்டிருக்கும்போது, வெள்ளைக் கழிவு தென்பட்ட அன்றே இரையில் கலந்து கொடுக்க வேண்டும். வாங்கும் பணத்தில் தனித்தொட்டிக்கு இடமில்லையென்றால், இம்மீன்களை இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே நேர்மை.