நெருக்கத்தில் தெய்வம்: சந்திப்புகளை எப்படி ரசிப்பது?

சிற்பத்தை ரசிக்கவும் சங்கீதத்தை ரசிக்கவும் பயிற்சி வேண்டும் என்று ஒப்புக்கொள்ளுகிற நாம், நித்தியம் எதிர்ப்படுகிற மனிதர்களின் வரவில் ஈசுவர சங்கல்பத்தைக் கண்டு ரசிப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்று எண்ணுவதில்லை. அந்தப் பயிற்சிக்குத் திருக்கோவலூர் இடைகழியைவிடச் சிறந்த பள்ளிக்கூடத்தை நான் அறியேன்.

காஞ்சியில் அவதரித்த பொய்கையாழ்வாரும், கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வாரும், மயிலையில் அவதரித்த பேயாழ்வாரும், ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்களாய்ப் பெண்ணையாற்றங்கரையிலுள்ள அவ்வூருக்குத் தனித்தனியே வந்து, இருளும் பெருமழையும் சூழ்ந்த ஓர் இரவில், மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியிலே ஒதுங்கினார்கள் என்பது வைணவ குருபரம்பரை சொல்லும் வரலாறு. முதலில் வந்தவர் படுத்திருந்தார். இரண்டாமவர் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் வந்ததும் மூவரும் நின்றார்கள். அப்புறந்தான், கண்ணுக்குத் தெரியாத நான்காமவர் ஒருவர் தங்களை நெருக்குவதை அவர்கள் உணர்ந்தார்கள். பொய்கையார் உலகத்தையே அகலாக்கி ஒரு பாசுர விளக்கேற்ற, பூதத்தார் அன்பையே அகலாக்கி மற்றொன்று ஏற்ற, அவ்வொளியிலே பேயாழ்வார் திருமாலைக் கண்டார். அந்த இரவில் பிறந்தவையே நூறு நூறு பாசுரங்களாலான மூன்று திருவந்தாதிகள்.

இதை ரசிப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, முன்னமே இடம் பிடித்துச் சௌகரியமாகப் படுத்திருந்தவர், வந்தவரின் ஊரையும் பேரையும் விசாரித்துத் தகுதி பார்க்காமலே எழுந்து இடங்கொடுத்தார் என்பது. அடுத்தது அதனினும் நுட்பமானது: தரிசனம் முதலிற் கிடைத்தது விளக்கேற்றிய இருவருக்கும் அல்ல, அவர்கள் ஏற்றிய வெளிச்சத்தில் நின்ற மூன்றாமவருக்கு. ஒரு சந்திப்பின் தெய்வப் பிரயோஜனம் அதில் பங்குகொண்ட ஒவ்வொருவருக்கும் உடனே விளங்கிவிட வேண்டும் என்ற நியதி இல்லை. நாம் சொன்ன ஒரு வார்த்தையின் பலன், நாம் மறுபடி பார்க்கவே போகாத ஒருவரிடம் போய்ச் சேரலாம். எனவே, பேருந்து ஆசனத்தில் நெருக்கி உட்காருகிறவரிடமும், ஆஸ்பத்திரி வராந்தாவில் சீட்டைக் காட்டி வழி கேட்கிற மூதாட்டியிடமும், “இவரால் எனக்கு என்ன?” என்று அப்பொழுதே கணக்குக் கேளாமலிருப்பதே இந்த ரசனையின் ஆரம்பம்.

காரியம் கெட்டுப்போனதாகத் தோன்றும் சந்திப்புகளும் உண்டு. காஞ்சியில் சலவைத் தொழில் செய்த நாயனாரான திருக்குறிப்புத் தொண்டர், குளிர்காலத்தில் வந்த ஏழை அடியாரின் அழுக்குக் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்களித்தார்; மழையோ விடவேயில்லை. வாக்குத் தவறிய துயரத்தில் அவர் துணி துவைக்கும் கல்லில் தலையை மோதிய கணத்திலேதான் அடியார் வேடத்தில் வந்த சிவனாகிய ஏகாம்பரநாதரின் கை அவரைத் தடுத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துன்பப்படுகிற ஒருவரைக் கண்டவுடன், எனக்குப் பாடம் புகட்டவே ஆண்டவன் இவரை அனுப்பினான் என்று மனம் பூரிப்பது பக்தி அன்று. பிறர் துயரத்தை நமது ஆத்ம லாபத்துக்குக் கருவியாக்கும் கொடுமை. நாயன்மாருள் மற்றொருவரான இளையான்குடி மாறனாரும் அவர் மனைவியாரும், நள்ளிரவு மழையில் வந்த விருந்தினருக்காக விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்து, வீட்டின் கூரைக் கழிகளை அறுத்து அடுப்பெரித்தபோது, நினைத்ததெல்லாம் அந்த விருந்தினரின் பசி ஒன்றையே. விருந்தினராய் வந்த சிவன் சோதிவடிவாய் எழுந்தது, இலை போட்டு உண்ண அழைத்த பிறகு.

ஆகவே, வாசகர்களே, உங்களை நாடி அடுத்தபடி யார் வந்தாலும், வந்த காரியத்தைக் கேட்கும் முன்னே சற்று நகர்ந்து இடங்கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். சாப்பிட்டாயிற்றா என்று விசாரியுங்கள்.