வினா நீங்கிய செப்பு: காவல்துறை வாக்குமூலம் பற்றிய ஒரு மொழியியல் நோக்கு

தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் செப்பையும் வினாவையும் இணைத்தே பேசுகிறது. விடையின் பொருள் வினாவைச் சார்ந்தது என்பது மொழியியலார்க்குப் புதிய செய்தியன்று. ஆனால் நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு இயற்றப்பட்ட சட்டங்கள் சில, வினாவைத் தவிர்த்துச் செப்பை மட்டும் எழுதிச் சான்றாக்க இடமளித்துள்ளன. இதன் விளைவு தனிமனிதரின் உரிமையையும் உயிரையும் தொடுவதால் இச்சிக்கல் இங்கு ஆராயப்படுகிறது.

காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அன்னிய ஆட்சியே தன் காவலரை முழுதும் நம்பாது வகுத்த இவ்வரம்பை, 1987ஆம் ஆண்டுத் தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தளர்த்தியது. கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் எழுத்திலோ ஒலிநாடா போன்ற கருவியிலோ பதிந்த வாக்குமூலம் சான்றாயிற்று. கர்த்தார் சிங் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் இப்பிரிவை ஏற்றது, நீதிபதிகள் கே. இராமசாமியும் ஆர்.எம். சகாயும் இதில் உடன்படவில்லை. விசாரிக்கப்படும் மொழியிலேயே, சொன்னவாறே பதிதல் வேண்டும் என்னும் நெறியையும் அத்தீர்ப்பு வகுத்தது.

நெறி நன்று, எனினும் போதாது. 'சதிக்கு வேண்டிய பொருளை எங்கே வாங்கினாய்?' என்று வினவ, 'கடையில' என்று ஒருவர் விடையிறுப்பதாகக் கொள்வோம். பதிவில் இது 'சதிக்கு வேண்டிய பொருளை நான் கடையில் வாங்கினேன்' என்று அமையும். மொழி மாறவில்லை, பேச்சு வழக்கு எழுத்து வழக்காயிற்று, அவ்வளவே எனத் தோன்றும். ஆயின் 'சதி' என்பது வினவியவரின் சொல். '-ஏன்' என்னும் தன்மை ஒருமை விகுதி அதனை விடையிறுத்தவர்மேல் ஏற்றிவிடுகிறது.

ஒரு தொடர் விடுபடுவது இதனினும் கொடிது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் தடாக் குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது; ஆயினும் தடாவின்கீழ்ப் பதிவான வாக்குமூலங்களை ஏனைய குற்றங்களுக்குச் சான்றாக ஏற்று, நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்தது. அவர்களுள் ஒருவரான பேரறிவாளன் 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டு வாங்கித் தந்தார் என்பது குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் பதியவில்லை என்று, வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகக் கூறினார். 'வாங்கித் தந்தேன்' என்னும் வினைமுற்று செயலைக் குறிக்கும், நோக்கத்தைக் குறிக்காது. நோக்கத்தை மறுக்கும் தொடர் நீங்கியபின், அவ்விடத்தைப் படிப்பவரின் ஐயமே நிரப்பும். தண்டனை 2014இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022இல் அவர் விடுதலையானார். இவ்விரண்டிற்கும் காரணங்கள் வேறு. 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாழ்வு மீளாதது.

பயங்கரவாத வழக்குகளில் சாட்சிகள் அஞ்சுவர். எனவே விதிவிலக்கு வேண்டும் என்பது அரசுத் தரப்பின் வாதம். உயிரிழந்தோரின் குடும்பங்களை நினைக்கையில் இதனை எளிதில் ஒதுக்க இயலாது. ஆயினும் சான்று அரிது என்பதற்காக, அதனை எழுதும் கோலைக் குற்றஞ்சாட்டுவோர் கையிலேயே கொடுத்தல் முறையாகாது. உண்மைக் குற்றவாளி தப்பவும் அது வழிவகுக்கும்.

தடா 1995இல் காலாவதியாயிற்று. பொடா 2004இல் நீக்கப்பட்டது. 2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் பழைய தடையையே பொதுவிதியாகப் பேணுகிறது. எனினும் மகாராட்டிரத்தின் 1999ஆம் ஆண்டுத் திட்டமிட்ட குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும், குஜராத்தில் 2019இல் நடைமுறைக்கு வந்த அதனையொத்த சட்டத்திலும் இவ்விதிவிலக்கு தொடர்கிறது. இவை நீக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. நீக்கப்படும் வரையிலேனும், கருவிப் பதிவு அலுவலரின் விருப்பத்திற்கு விடப்படாமல் கட்டாயமாதல் வேண்டும். ஒவ்வொரு செப்பும் அதற்குரிய வினாவோடு நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட வேண்டும். எது எவருடைய சொல் என்று அறிந்த பின்னரே தீர்ப்பு எழுதுதல் தகும்.