மைனரின் தட்டல்: எந்த ஸ்டட், எந்தப் புஷ்ராடு?

ஈப்போ புந்தோங்கில் ஒரு வீட்டு வாசலில் பழைய மோரிஸ் மைனர் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டு நின்றால், வேடிக்கை பார்ப்பவர்களில் ஒருவராவது "புஷ்ராடு போச்சு, மாத்திடுங்க" என்று தீர்ப்பெழுதிவிடுவார். பெரும்பாலும் தண்டனை அனுபவிப்பது நிரபராதிதான்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் இது. பேராக் தோட்டங்களில் துரைக்கு லேண்ட்ரோவர் என்றால், கிராணியும் டிரெசரும் பள்ளி வாத்தியாரும் ஆசைப்பட்டது மைனருக்கு. சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் பட்டணத்துக்கு நகர்ந்தபோது சில வீடுகளில் காடியும் கூடவே வந்தது. மைனர் சலூன் தயாரிப்பு 1970இல் நின்றுபோனாலும், அதன் ஏ-சீரிஸ் எஞ்சின் மினி காரில் 2000 வரை ஓடியது. புது உதிரிப்பாகம் இன்றும் கிடைப்பது அந்தப் புண்ணியத்தில்தான். ஆரம்பகால 918 சிசி பக்கவால்வு மைனர் வைத்திருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அந்த எஞ்சினில் புஷ்ராடே கிடையாது.

803, 948, 1098 சிசி எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் கீழே, வால்வுகள் மேலே. நடுவில் டேப்பெட், அதன்மேல் புஷ்ராடு, அதன்மேல் ராக்கர். செவ்ரலே வி8 போன்ற அமெரிக்க எஞ்சின்களில் ஒவ்வொரு ராக்கரும் தனித்தனி ஸ்டட்டில் உட்காரும். மைனரில் அப்படி இல்லை. எட்டு ராக்கரும் ஒரே தண்டில் கோத்திருக்கும். அந்தத் தண்டை நான்கு தாங்கிகள் பிடித்திருக்கும். ஒவ்வொரு தாங்கிக்கும் இரண்டு பிடிகள்: 3/8 அங்குல ஹெட் ஸ்டட் ஒன்று, 5/16 அங்குலச் சின்ன ஸ்டட் ஒன்று. மைனர்காரர் 'ராக்கர் ஸ்டட்' என்று கடையில் கேட்கவேண்டியது இந்தச் சின்னதைத்தான்.

வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஈப்போவின் ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளில் ஜப்பான் கார்களுக்கான எம்8 ஸ்டட் தாராளமாகக் கிடைக்கும். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், எம்8 என்பது 8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எம்8இன் மரை இடைவெளி வழக்கமாக 1.25 மில்லிமீட்டர், 5/16 நுண்மரையில் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது சுமார் 1.06 மில்லிமீட்டர். முதல் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், மூன்றாவதில் முரண்டும். அந்த நேரத்தில் போமன் ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் ஹெட்டின் வார்ப்பிரும்பில் இருக்கும் மரை காலி. பத்து நிமிட வேலை லேத் பட்டறையில் போய் நிற்கும்.

துருப்பிடிக்காது என்பதற்காக ஸ்டெயின்லெஸ் மரைத்தண்டை வாங்கி அளவாக வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. பளபளப்பு அழகுதான், இடம்தான் தவறு. பொதுவாகக் கடையில் கிடைக்கும் ஏ2-70 ரகத்தின் இழுவிசை 700 மெகாபாஸ்கல், சாதாரண 8.8 எஃகுக்கே 800. மேலும் ஸ்டெயின்லெஸ்மேல் ஸ்டெயின்லெஸ் நட்டை இறுக்கினால் மரைகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், பிறகு கழலாது. மரையை வெட்டாமல் உருட்டி எடுத்த, இந்த எஞ்சினுக்கென்றே செய்த எஃகு ஸ்டட்டை வாங்குவதே புத்திசாலித்தனம்.

புஷ்ராடுக்கு வருவோம். சந்தையில் இரண்டு வகை: அசலைப் போன்ற கெட்டித் தண்டு, எடை குறைந்த குழாய்த் தண்டு. இரண்டாவதைக் கையில் எடுத்தவுடனே எடை வித்தியாசம் தெரியும், ஆசையும் வரும். எஞ்சினை உச்ச வேகத்தில் முறுக்கும் பந்தயக்காரருக்கு அது காசுக்கேற்ற சரக்கு. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு நிதானமாக ஏறுகிறவருக்குக் கெட்டித் தண்டே போதும்.

விலையைவிட நீளம் முக்கியம். ஹெட்டை இழைத்திருந்தால் ராக்கர் கீழே இறங்கியிருக்கும். பழைய தண்டே இப்போது நீளமாகிவிடும், ராக்கரின் திருகு மேலே போய் முட்டும். அப்போது குட்டைத் தண்டு வாங்கலாம், அல்லது தாங்கிகளுக்கு அடியில் தகடு கொடுக்கலாம். தகடு கொடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ராக்கர் தண்டுக்கு எண்ணெய் ஏறுவது முன்பக்கத் தாங்கி வழியாக. அந்தத் துளையைத் தகடு மூடினால் மேலே எல்லாம் வறண்டு தேயும்.

பழைய தண்டைத் தூக்கிப் போடுமுன் கண்ணாடிமேல் உருட்டிப் பார்ப்பது நல்லது. தள்ளாடாமல் உருண்டு, கீழ்முனைக் குண்டும் மேல்முனைக் கிண்ணமும் வழுவழுப்பாக இருந்தால் அதற்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. கழற்றும்போது வரிசை மாறக்கூடாது; அட்டையில் எட்டுத் துளை போட்டுச் செருகி வைத்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்கில் டேப்பெட்டும் ஒட்டிக்கொண்டு மேலே வரும் என்பதால், தண்டைச் சற்றுத் திருப்பி விடுவித்த பிறகே உருவ வேண்டும்.

சரி, தட்டல் எங்கிருந்து வருகிறது? அநேகமாக ராக்கரிலிருந்து. வால்வின்மேல் படும் அதன் மூக்கில் நாளடைவில் குழி விழும். ஃபீலர் கேஜ் தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் மேலே பாலம்போல் கிடக்கும், 0.012 அங்குலம் வைத்ததாக நினைத்தால் உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். ராக்கர் தண்டின் அடிப்பக்கமும் தேய்ந்திருக்கும், விரல் நகத்தால் தடவினாலே பள்ளம் தெரியும். காய்ச்சி அடித்துச் செய்த ராக்கராக இருந்தால் புது புஷ் போடலாம். தகட்டில் அழுத்திச் செய்த ராக்கரை மாற்றத்தான் வேண்டும். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் தரும் என்றால், புஷ்ராடு செட்டைவிட ராக்கர் தண்டுக்கே அந்தப் பணம் போகட்டும்.

மாட்டும்போது ஸ்டட்டை விரலால் ஏற்றினால் போதும், இறுக்கம் நட்டுக்குத்தான். தாங்கிகளை ஹெட் ஸ்டட்டுகளும் பிடித்திருப்பதால், கழற்றுமுன் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஹெட் கோணும், கேஸ்கெட் கசியும். திரும்ப இறுக்கும் அளவு ஹெட் நட்டுக்கு 40 பவுண்டு-அடி, சின்ன நட்டுக்கு 25. வால்வு இடைவெளிக்கு ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவது, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது. கொஞ்ச தூரம் ஓட்டி, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்ததும் நட்டுகளையும் இடைவெளியையும் மறுபடி பார்க்க வேண்டும். கேஸ்கெட் அமுங்கியிருந்தால் இடைவெளி குறைந்திருக்கும்.