ஆறும் ஊர்ப்பாசமும்

நெல்லைக்காரர்களின் கவிதைகளில் தாமிரபரணி அநேகமாகப் படித்துறையோடுதான் வருகிறது. ஈர வேட்டி, மருத மர நிழல், குறுக்குத்துறைக் கோயிலைச் சுற்றி ஓடும் தண்ணீர். பாசத்தில் பொய்யில்லை. ஆனால் ஆற்றின் பெயரே கவிதையின் வேலையை முடித்துவிடுகிறது, வாசகனும் தலையாட்டிவிடுகிறான். (நாமெல்லோருமே அவரவர் ஊர் ஆற்றுக்குத் தலையாட்டுகிறவர்கள்தாம்.)

வண்ணநிலவன் 1979இல் வந்த தன் நாவலுக்குக் 'கம்பா நதி' என்று பெயர் வைத்தார். டவுனில் அது புராணத்திலும், ஐப்பசித் திருக்கல்யாணத்தின்போது காந்திமதியம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும் மண்டபத்தின் பெயரிலும் இருக்கிற நதி. வேலையில்லாத இளைஞனும் நொடித்த வீடுகளும் உள்ள கதைக்குத் தண்ணீர் தெரியாத ஆறு. ஊரை நேசிக்கிறவனின் கறார் இது.

படித்துறைக் கவிதைகளில் இந்தக் கறார் இல்லை. 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் இதே ஆற்றில் செத்தார்கள், ஒரு கைக்குழந்தையும். அதற்குப் பிறகும் கவிதையில் ஈர வேட்டி காய்ந்துகொண்டேயிருக்கிறது. ஒரு பத்து வருஷத்துக்குத் தாமிரபரணி என்ற சொல்லைப் போடாமல் இவர்கள் எழுதிப் பார்க்கலாம்.