சுவாமிமலைத் தூணும் பிரான்சினா கதையும்

திருகோணமலைச் சுவாமிமலையிலுள்ள தூணொன்றை, காதலன் கப்பலேறிச் செல்லக் கடலிற் பாய்ந்து மாண்ட ஒல்லாந்தப் பெண் பிரான்சினா வான் ரீடேயின் நினைவுச்சின்னம் என்பர். கேட்க இனிய கதைதான். ஆயின் அதிற் பொறிக்கப்பட்டவை அவர் பெயரும், மைட்ரெக்ட் சீமாட்டி என்னும் பட்டமும், 1687 ஏப்ரில் 24 என்னும் நாளும், நினைவாக எழுப்பியது என்னும் குறிப்புமே. சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மலையாள நாட்டு மூலிகைகளைப் பெருநூலாகத் தொகுப்பித்த தந்தை ஹென்றிக் வான் ரீடே 1691இல் இறந்து சூரத்தில் அடக்கம் செய்யப்பட்ட பின்னரும் பிரான்சினா வாழ்ந்தார். ஆதலின் இக்கதையைத் தள்ளுதல் தகும்.

எம்மை உறுத்துவது வேறு. அத்தூண், போர்த்துக்கேயர் 1620களில் இடித்த கோணேசர் கோயிலின் எச்சம் என்பர். அவ்வாறாயின் ஒல்லாந்த எழுத்தை மட்டும் படித்து அமைதல் போதாது. தூணின் பட்டைகளையும் வேலைப்பாட்டையும் அளந்து, சோழர், பாண்டியர் காலக் கோயில் தூண்களோடு ஒப்பிட்டு, அதன் காலத்தை வரையறுத்தல் வேண்டும்.