மீன்பாடும் தேன்நாடும் குத்தகை வயலும்

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுவோர் ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று தொடங்காதிருப்பது அரிது. வாவியில் மீன் பாடும். வயலில் பொன் விளையும். போடியார் வாரி வழங்குவார். அண்மைக் காலத்தில் இவ்வருணனையோடு இன்னொன்றும் சேர்ந்துள்ளது: நம் முன்னோர் நஞ்சின்றிப் பயிரிட்டனர், நாமும் அவ்வழிக்கே திரும்புவோம் என்பது. நோக்கம் நல்லதே. ஆயின், அந்தப் பழைய வயலில் போடியாருக்காக உழைத்த முல்லைக்காரனை இவ்வெழுத்துக்களிற் காணோம். திரும்புவதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வியும் அவற்றில் இல்லை.

மண்ணையும் நீரையும் காக்கும் அவசியத்தை எவரும் மறுப்பதற்கில்லை. படுவான்கரை வயல்களின் வடிநீர் வாவியையே சேர்கிறது. மிகையாக இட்ட யூரியாவும் களைநாசினியும் மழைநீரோடு செல்கின்றன. உரச்சத்தினாற் பாசி செழித்து, பின் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது. மீன்கள் மடிய நேர்கிறது. உழுபவனின் வயலும் மீனவனின் வலையும் ஒரே நீரினாற் பிணைக்கப்பட்டவை. பூச்சியை உண்டு பயிரைக் காக்கும் தவளையும் கொக்கும் அந்த நஞ்சுக்குத் தப்புவதில்லை.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. போதிய சேதனப் பசளை ஆயத்தமாக இருக்கவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது. இதைக் காட்டி இயற்கை வேளாண்மையே வீண் என்போர் தவறுகின்றனர். அங்கு தோற்றது, உழுபவனைக் கேளாது மேலிருந்து பிறப்பித்த ஆணையே.

பசளைக்கு மாடு வேண்டும். மாட்டுக்கு மேய்ச்சல்தரை வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைகளை அத்துமீறிய பயிர்ச்செய்கை விழுங்குகிறது என்று 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் தெருவோரத்திற் போராட அமர்ந்தனர். சேதனப் பசளையைப் புகழும் எத்தனை கட்டுரைகள் அவர்களை நினைவுகூர்ந்தன?

நிலத்தின் கதையும் இதுவே. அடுத்த போகத்தில் வயல் தன் கையில் இருக்குமோ என்றறியாத குத்தகைக்காரன், சில ஆண்டுகள் கழித்துப் பயன்தரும் மண்வளத்துக்கு எவ்வாறு உழைப்பைச் செலவிடுவான்? அறுவடைக்கு முன்பே கடன்காரன் களத்தில் நிற்கிறான். ஆகவே யூரியா மூட்டையை நாடுவது அவனது அறியாமையன்று. நிலவுடைமை உறவுகள் அவனை அவ்விடத்தில் நிறுத்தியுள்ளன.

திருக்குறளில் ‘வேளாண்மை’ உபகாரத்தைக் குறிக்கும். மட்டக்களப்பார் வழக்கில் அது நெற்செய்கை. நீலாவணன் அச்சொல்லையே தம் காவியத்துக்குப் பெயராக்கினார். அவர் மறைந்தபின் 1982இல் அது நூலாயிற்று. வயலும் அதன் மனிதரும் காவியப் பொருளாகத் தகுவர் என்ற துணிவு அதில் உண்டு. அத்துணிவை இன்றைய எழுத்தாளர் மேலும் ஓரடி கொண்டுசெல்லல் வேண்டும். உபகாரம் என்று புகழப்படுவது யாருடைய உழைப்பிலிருந்து வழங்கப்பட்டது என்று அவர்கள் கேட்கவேண்டும். குத்தகைக்காரனின் நிலவுரிமையையும் பண்ணையாளரின் மேய்ச்சல் உரிமையையும் விடுத்து வாவியின் அழகை மட்டும் பாடும் எழுத்து, அவ்வாவியைக் காக்க உதவாது.