எண் இல்லாத துப்பாக்கி: ஒரு நூலும் ஒரு தீர்ப்பும்

கோடி வில்சன் எழுதி 2016ல் வெளிவந்த 'கம் அண்ட் டேக் இட்' ஒரு தன்வரலாறு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபதுகளின் நடுவில் இருக்கும் ஓர் இளைஞன், 2012ல் நண்பர்களோடு சேர்ந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் துப்பாக்கி செய்யக் கிளம்புகிறான். பணம் திரட்டிய இணையதளம் கதவைச் சாத்துகிறது. அச்சுப்பொறியை வாடகைக்குக் கொடுத்த கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்கிறது. 2013 மே மாதம் 'லிபரேட்டர்' என்ற பிளாஸ்டிக் கைத்துப்பாக்கி வெடிக்கிறது. அதன் கோப்பு இரண்டே நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் தரவிறக்கப்படுகிறது. ஆயுத ஏற்றுமதி விதிகளைக் காட்டி அமெரிக்க வெளியுறவுத் துறை கடிதம் அனுப்ப, கோப்பு இறக்கப்படுகிறது. அதற்குள் அது உலகம் முழுக்கப் போய்விட்டது.

கதை இவ்வளவுதான். நூலை இதற்காக யாரும் வாசிக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட வாதம் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறது என்பதைப் பார்ப்பதற்காக வாசிக்கலாம். அந்த வாதம் இது: அரசுக்குத் தெரியாமல் ஒரு துப்பாக்கியை வீட்டில் செய்துகொள்ள முடிவதுதான் தனிமனித சுதந்திரத்தின் கடைசி எல்லை.

நமக்கு இது முதலில் விநோதமாகத்தான் படும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதே குற்றம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அப்படி இல்லை. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவர், விற்பதற்காக இல்லாமல் தன் உபயோகத்துக்கு ஒன்று செய்துகொள்வதை அது தடுக்கவில்லை. சில மாநிலங்கள்தான் தடுக்கின்றன. இந்தப் பழைய அனுமதி, பட்டறையும் கைத்தொழிலும் வேண்டியிருந்த காலத்தில் ஒரு சிறு கூட்டத்தின் பொழுதுபோக்காக இருந்தது. அதை வெகுஜன விஷயமாக மாற்றியது ஏஆர்-15 ரைஃபிளின் அமைப்பு.

ஏஆர்-15 பல பாகங்களாகக் கழற்றி மாட்டும்படி வடிவமைக்கப்பட்டது. குழல், பின்கட்டை, விசைத் தொகுதி எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கலாம். யாரும் அடையாள அட்டை கேட்கப்போவதில்லை. சட்டத்தின் பார்வையில் 'துப்பாக்கி' என்பது ஒரே ஒரு பாகம்: விசைத் தொகுதி உட்காரும் கீழ் ரிசீவர். வரிசை எண் அதில்தான் இருக்கும். கடையில் பின்னணிச் சோதனையும் அதற்குத்தான். அப்படியென்றால் அந்த ரிசீவரை முழுதாக முடிக்காமல், கடைசிக் கட்ட வேலையை வாங்குபவர் கையில் விட்டு விற்றால்? அது வெறும் அலுமினியக் கட்டி. சந்தையில் இதற்கு 'எண்பது சதவீதம்' என்று பெயர். சட்டத்தில் அப்படி ஒரு சதவீதமே கிடையாது. வியாபாரிகள் வைத்த பெயர். வில்சனின் குழு லிபரேட்டருக்கு முன்பே இந்த ரிசீவரை பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருந்தது. 2014 முதல் அவரது நிறுவனம் அதைக் கடைந்து முடிக்கிற சிறு இயந்திரம் ஒன்றை விற்கத் தொடங்கியது. அதன் பெயரே 'கோஸ்ட் கன்னர்'. பேய்த் துப்பாக்கி என்பது எதிர்ப்பாளர்களின் வசைச்சொல். வில்சன் அதையே பிராண்டாக மாற்றிக்கொண்டார்.

*

இங்கே ஒரு நியாயத்தைச் செய்துவிட வேண்டும். பதிவேடு பற்றிய துப்பாக்கி உரிமையாளர்களின் பயத்தை மனப்பிராந்தி என்று சிரித்துத் தள்ளுவது எளிது. தரவுத்தளங்களோடு பிழைக்கிற என்னால் அப்படிச் சிரிக்க முடியவில்லை.

2012 டிசம்பரில், சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்த சில நாட்களில், நியூயார்க் மாநிலத்தின் 'த ஜர்னல் நியூஸ்' நாளிதழ் இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களின் பெயரையும் முகவரியையும் ஊடாடும் வரைபடமாக வெளியிட்டது. அவை சட்டப்படி பொது ஆவணங்கள்தான். ஆனால் அலமாரியில் கிடக்கிற பொது ஆவணமும், வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்த வரைபடமும் ஒன்றா? கணவனிடமிருந்து தப்பி ஒளிந்து வாழும் ஒரு பெண்ணுக்கு அந்தப் புள்ளி என்ன செய்யும்? அடுத்த மாதமே, விவரங்களை மறைக்கும்படி விண்ணப்பிக்க மாநிலச் சட்டம் வழி செய்தது. 2022 ஜூனில் கலிஃபோர்னியா நீதித் துறை ஒரு புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தபோது, மறைவாகத் துப்பாக்கி எடுத்துச் செல்ல விண்ணப்பித்த சுமார் 1,92,000 பேரின் சொந்த விவரங்கள் சேர்ந்து வெளியே வந்துவிட்டன. யாரும் ஹேக் செய்யவில்லை. வெறும் கவனக்குறைவு.

இதைவிட எனக்குச் சுவாரசியமானது மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கும் தேசியத் தடமறிதல் மையம். குற்றத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண்ணை வைத்து, அதைக் கடையில் முதலில் வாங்கியவர் யார் என்று தேடுவது இவர்கள் வேலை. 1986ல் வந்த சட்டம் துப்பாக்கி உரிமையாளர்களின் கூட்டாட்சிப் பதிவேடு உருவாக்குவதைத் தடை செய்கிறது. ஆனால் மூடப்பட்ட கடைகளின் விற்பனைப் பதிவுகள் எல்லாம் இங்கேதான் வந்து சேர வேண்டும். 90 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். பெரும்பகுதி ஸ்கேன் செய்யப்பட்டாயிற்று. ஆனால் வாங்கியவர் பெயரைத் தட்டித் தேட முடியாது. ஊழியர்கள் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள்.

தேடல் வசதி இருக்கவே கூடாது என்பதே தேவைப்பட்டியலாக இருக்கிற ஒரு மென்பொருள்! முதலில் கேட்கும்போது காமெடியாக இருக்கிறது. யோசித்தால், அரசின் அதிகாரத்துக்கு வேண்டுமென்றே போட்ட வேகத்தடை அது. அந்தத் தடை எவ்வளவு மெல்லியது என்பதும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் நிரல் பல வருடங்களாகவே சல்லிசு. தரவு ஏற்கெனவே ஓரிடத்தில் இருக்கிறது. ஒரு சட்டப்பிரிவு மட்டும் குறுக்கே நிற்கிறது. சட்டம் மாறினால்? தனியுரிமை பற்றிப் பேசும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. துப்பாக்கிக்காரர்கள் கேட்பதால் கேள்வி தப்பாகிவிடாது.

வில்சனின் நூல் ஏமாற்றமளிப்பது இங்கேதான். பயத்துக்கு இவ்வளவு திடமான ஆதாரங்கள் இருக்க, அவருடைய ஆர்வம் அலுவலகக் காகிதத்தின் பக்கம் போவதில்லை. ஃபூக்கோ, போத்ரியார் என்று பெயர்கள் பறக்கிற ஒரு மேடையில்தான் அவர் நிற்க விரும்புகிறார். நடை வேகமாக ஓடுகிறது. சில இடங்கள் நல்ல த்ரில்லர் மாதிரி இருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லா அத்தியாயத்திலும் நடுவில் நிற்பது ஆசிரியரின் முகம். பெயரற்று இருக்கும் உரிமைக்காக எழுதப்பட்ட ஒரு நூல், தன் ஆசிரியரைப் பிரபலமாக்குவதிலேயே குறியாக இருக்கிறது.

*

வில்சனுக்குச் சரியான எதிர்வாசிப்பு ஒரு விமர்சகரிடமிருந்து வரவில்லை, நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2022ல் அமெரிக்க ஆயுதத் துறை ஒரு விதி கொண்டுவந்தது: சுலபமாகத் துப்பாக்கியாக மாற்றக்கூடிய தொகுப்புகளை விற்பவர்கள் உரிமம் வாங்க வேண்டும், வரிசை எண் இட வேண்டும், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். வீட்டில் செய்வதை இது தடை செய்யவில்லை. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் விதியை ஏற்றது. தீர்ப்பை எழுதியவர் நீல் கோர்சச், பழமைவாத நீதிபதி.

இலக்கிய வாசகர்கள் இந்தத் தீர்ப்பைத் தேடிப் படிக்கலாம். ஏனெனில் அதன் மையக் கேள்வி சொல் பற்றியது. முடிக்கப்படாத ஒரு பொருளை அதன் முழுப்பெயரால் அழைக்கலாமா? கோர்சச் தரும் உதாரணங்களில் ஒன்று நாவல். எழுத்தாளர் ஒருவர் முடிக்காத கைப்பிரதியை நண்பரிடம் கொடுத்து 'என் நாவலைப் படித்துப் பார்' என்று சொல்வது இயல்புதானே என்கிறார். இன்னொன்று, பெட்டியில் பாகங்களாக வரும் ஐக்கியா மேசை. வழக்கில் பேசப்பட்ட ஒரு கைத்துப்பாக்கித் தொகுப்பை, முன்பின் பார்த்திராத ஒருவர் சாதாரணக் கருவிகளையும் யூடியூப் காணொளிகளையும் வைத்து 21 நிமிடத்தில் துப்பாக்கியாக்கியிருந்தார்.

நாவல் உதாரணம் அழகானது, ஆனால் கொஞ்சம் வழுக்குகிறது. கைப்பிரதியை நாவல் என்பது எழுதுபவரின் நம்பிக்கை. பாதி நாவல்கள் முடிவதேயில்லை என்பது நமக்குத் தெரியாதா? 21 நிமிடத் தொகுப்பில் நம்பிக்கைக்கு இடமேயில்லை, முடிவு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வாதத்தைத் தாங்குவது மேசைதான். எல்லாத் தொகுப்பும் துப்பாக்கி ஆகிவிடாது, எங்கோ ஒரு கோடு உண்டு என்பதையும் தீர்ப்பு ஒத்துக்கொள்கிறது. அந்தக் கோடு எங்கே என்று சொல்லாமல் விடுகிறது. மாறுபட்ட இருவரில் ஒருவரான கிளாரன்ஸ் தாமஸ், சட்டத்தில் இல்லாத பொருளை நீதிமன்றம் ஏற்றுகிறது என்கிறார். சொற்களை அரசு விருப்பப்படி நீட்டிக்கொண்டே போகலாமா என்ற அவருடைய கவலை, பதிவேட்டைப் பற்றிய பயத்துக்குப் பக்கத்து வீடு.

*

வில்சனின் வலுவான துருப்புச்சீட்டு வேறு. நிரல் என்பது பேச்சு. எனவே துப்பாக்கிக் கோப்பும் பேச்சு. இதற்கு மரியாதையான முன்னோர்கள் உண்டு. தொண்ணூறுகளில் அமெரிக்கா மறைகுறியாக்க மென்பொருளை ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. பிஜிபியின் மூலநிரலை ஃபில் ஸிம்மர்மன் 1995ல் எம்ஐடி பிரஸ் வழியாகப் புத்தகமாகவே அச்சிட்டார். இன்று நாம் வாட்ஸப்பில் பேசுவது மூன்றாம் ஆளுக்குத் தெரியாமல் இருப்பதில் அந்தச் சண்டைக்கும் பங்குண்டு. 2015ல் வெளியுறவுத் துறைமீது வழக்குப் போட்டபோது வில்சன் தரப்பு இந்த மரபில்தான் வந்து நின்றது.

எனக்கு இந்த ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. மறைகுறியாக்கம் காப்பது பேசும் இருவரை. அதன் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. துப்பாக்கியின் வேலை முடிவது மூன்றாம் நபரின் உடலில். 'யாரிடம் இருந்தது' என்ற ரகசியம் உரிமையாளரைக் காக்கலாம். 'எங்கிருந்து வந்தது' என்ற கேள்விக்கே பதில் இல்லாமல் செய்துவிட்டால், அது சுடப்பட்டவர் சார்பாகக் கேட்கப்படும் முதல் கேள்வியை அழிக்கிறது. வில்சன் இவை இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார். மார்ட்டின்ஸ்பர்க் முறை, எவ்வளவு அசமந்தமாக இருந்தாலும், இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: பெயரிலிருந்து துப்பாக்கிக்குப் போக வழியில்லை, குற்றத்தில் கிடைத்த துப்பாக்கியிலிருந்து மட்டும் பெயருக்குப் போகலாம்.

வரிசை எண் இருந்தால் குற்றமெல்லாம் துலங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. திருட்டுத் துப்பாக்கியின் தடம் முதலில் வாங்கியவரோடு நின்றுவிடும். ஆனால் தடமறியக் கோரி வந்த எண்ணில்லாத் துப்பாக்கிகள் 2017ல் சுமார் 1,600. 2021ல் 19,000க்கும் மேல். 2019 நவம்பரில் கலிஃபோர்னியாவின் சாகஸ் உயர்நிலைப் பள்ளியில் 16 வயது மாணவன் இரண்டு மாணவர்களைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டது தொகுப்பிலிருந்து செய்த ஒன்றால்தான். எந்தக் கடைக்காரரும் பார்த்துச் சோதித்திருக்க முடியாத துப்பாக்கி அது.

வில்சனின் நூலில் லிபரேட்டர் ஒரு தத்துவம், ஒரு சவால், ஒரு கோப்பு. தோட்டாவுக்கு எதிர்முனை என்று ஒன்று இருப்பதை அதன் அலங்கார நடை அநேகமாக மறந்தேவிடுகிறது. ஆனாலும் தனியுரிமை பற்றி எழுத நினைக்கும் யாரும் இதை வாசிப்பது நல்லது. பிறகு அந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். நம் தரவைப் பற்றி அரசிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்விகள் சில, நமக்குப் பிடிக்காத ஆட்கள் கையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கேள்வியை வாங்கிக்கொள்வோம், துப்பாக்கியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், எண்ணோடு.